சீசனில் வந்த வரன்

குற்றாலத்துக்குப் பக்கத்தில், தென்காசியில், எங்கள் வீட்டில் ஒரு பொதுவிதி இருந்தது. சீசனில் வந்த வரன் தகையாது.

அப்பாவின் அக்காதான் அதை முதலில் சொன்னாள். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டாவது கூட்டமும் பதில் சொல்லாமல் இருந்துவிட்டபோது, காபி டம்ளரைக் கீழே வைத்தபடி, "சாரல் நேரத்துல வந்தவிய யாரும் நமக்குச் சரிப்பட மாட்டாவ போல" என்றாள். மூன்றாவது கூட்டமும் அப்படியே போனது. அதற்கப்புறம் அது வீட்டில் நிலைத்துவிட்டது. சூரியன் கிழக்கே உதிக்கும், சீசனில் வந்த வரன் தகையாது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்பதுதான் என் பிழைப்பு என்பதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். அதோடு ஆராய்ச்சி மாணவர்களுக்கு அறிவியல் தத்துவம் என்று ஒரு தாள் உண்டு. வேறு யாரும் எடுக்க முன்வராததால் என் தலையில் கட்டினார்கள். பிறகு எனக்கே பிடித்துப்போனது. அதில் நான் ஆசையாக நடத்தும் பகுதி இது: ஒன்று எப்போதும் நடக்கிறது என்று சொல்வது விளக்கம் ஆகாது. எந்தெந்த உறுப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது, எதற்குப் பின் எது வருகிறது என்று சொன்னால்தான் விளக்கம். புத்தகத் தமிழில் இயங்குமுறை. வகுப்பில் மெக்கானிசம் என்றே சொல்வேன்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆனி பிறந்தால் தென்காசியில் சாரல் அடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அது செய்தி. செங்கோட்டைக்கு மேற்கே மலை தாழ்ந்து ஒரு கணவாய் இருக்கிறது, கேரளத்தில் மழை பெய்துவிட்டு வரும் காற்று மிச்சமிருக்கும் ஈரத்தோடு அந்த வழியாக இந்தப் பக்கம் நுழைகிறது என்று சொன்னால் அது விளக்கம். விளக்கத்துக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் ஏன் வெயில் காய்கிறது என்பதையும் அதுவே சொல்லிவிடும். விதியை மட்டும் வைத்திருப்பவன் விதிவிலக்கு வந்தால் முழிப்பான். இயங்குமுறை தெரிந்தவன் முழிக்க மாட்டான்.

இனி எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தென்காசியில் பெண் வீடு என்றால் மாப்பிள்ளை வீட்டார் எப்போது வருவார்கள் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. ஆனியில் வருவார்கள். ஆடியில் நல்ல காரியம் பேச மாட்டார்கள், விட்டால் ஆவணியில் வருவார்கள். வேன் பிடித்துப் பெரியப்பா, சித்தி, பிள்ளை குட்டிகள் என்று எல்லாரும் வருவார்கள், மாற்றுத்துணி, துண்டு, நல்லெண்ணெய் பாட்டில் சகிதம். எங்கள் வீட்டில் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் சாப்பிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகக் குற்றாலம் போய்க் குளித்து ஊர் திரும்புவார்கள். "உன்னையப் பாக்க வந்தாவளா, அருவியைப் பாக்க வந்தாவளா?" என்று தங்கை கேலி பண்ணுவாள். வந்தவர்களை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போவது பெண் வீட்டாரின் கடமை. கேசரியில் நெய் குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், அருவிக்குத் துணை வராவிட்டால் மரியாதை தெரியாத குடும்பம் என்று பேராகிவிடும்.

அந்தக் கடமையை அப்பா குறைவில்லாமல் செய்தார். அவர் அப்போது போலீஸில் இருந்தார். அருவிக்கரையில் டியூட்டி பார்ப்பவர்கள் அவரைக் கண்டால் விறைப்பாக நின்று வழி விடுவார்கள், வந்தவர்களுக்கு அதில் ஒரு பெருமை. மெயின் அருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்களோடு அத்தை போவாள். ஆண்களோடு அப்பா போவார். பெண் பார்க்கப்பட்ட நான் வீட்டில் பஜ்ஜிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருப்பேன். அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துவிட்டாள்.

குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டே அவர்கள் அப்பாவிடம் ஊருக்குப் போய்ப் போன் பண்ணுவதாகச் சொல்வார்கள். போன் வராது. அவ்வளவுதான்.

வராத போனுக்குக் காத்திருப்பது என்னவென்று காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் தடவை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் தடவை கண்ணாடியில் என் பல்லைப் பார்த்தேன். மூன்றாம் தடவை நான் நடந்து வந்த விதத்தை, டம்ளரை நீட்டிய விதத்தை, கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலை எல்லாம் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதிகம் படித்துவிட்டோமோ, வெடுக்கென்று பேசுகிறோமோ என்று குழம்பினேன். வந்தவர்கள் வீட்டில் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள். குளித்துவிட்டுப் போன பிறகு என்ன ஆனது என்பதுதான் புரியவில்லை. அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, "விடுட்டி, நமக்குன்னு ஒருத்தன் பொறக்காமலா போயிருவான்" என்பார். அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அவர்தான்.

நாலாவதாக வந்தவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பள்ளிக்கூட ஆசிரியர், விருதுநகர் பக்கம். வந்த அன்று விடாத மழை. அருவிக்குக் கிளம்பும்போது அவருடைய அம்மா, "பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, நாங்க என்ன பிடிச்சா திங்கப் போறோம்" என்று சொல்லிவிட்டார். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவால் மறுக்க முடியவில்லை. நானும் வேனில் ஏறினேன். போய்ப் பார்த்தால் பாதுகாப்பு வளைவைத் தாண்டிச் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டுகிறது. போலீஸ் விசில் அடித்து எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தது. அப்பாவே போய்க் கேட்டும் விடவில்லை. யாரும் குளிக்கவில்லை. ஆணும் பெண்ணுமாக எல்லாரும் வேனுக்குள் உட்கார்ந்து சூடான நேந்திரங்காய் சிப்ஸ் தின்றோம்.

அவர் முன் சீட்டிலிருந்து திரும்பி, "இங்க மட்டும் ஏங்க இப்படிச் சாரல்?" என்று என்னைக் கேட்டார். நான் கணவாயைப் பற்றிச் சொன்னேன். மற்றவர்கள் என்றால் அப்படியா என்று சொல்லிவிட்டு வெளியே பார்ப்பார்கள். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப அந்தக் கணவாய் இல்லாம இருந்திருந்தா தென்காசியும் வெயில்லதான் காயுமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக நான் அவரைக் கட்டிக்கொண்டிருப்பேன். ஓர் உறுப்பை எடுத்துவிட்டுப் பார்க்கத் தெரிந்த மனுஷர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. இதை இத்தனை வருஷம் நான் எங்கேயும் சொன்னதில்லை.

மறுநாள் காலையிலேயே போன் வந்துவிட்டது. அவர்களுக்குச் சம்மதம். தங்கை என்னைப் பிடித்துச் சுற்றினாள். "சீசன் விதி உடைஞ்சுட்டு" என்று நான்தான் அத்தையைச் சீண்டினேன். அடுத்த வாரம் அப்பாவும் சித்தப்பாவும் மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பினார்கள். நான் அப்பாவின் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்த அப்பா செருப்பைக் கழற்றும்போதே தலையை ஆட்டிவிட்டார். "சரிப்படல. அவியளுக்கு மனசு மாறிட்டு போல." அத்தை என்னைப் பார்த்து, "நான் சொன்னேம்லா" என்றாள். அன்று நான் சாப்பிடவில்லை. அப்பாவும் சாப்பிடவில்லை. எனக்காகத்தான் சாப்பிடாமல் இருக்கிறார் என்று நினைத்து, எழுந்து போய் அவருக்குத் தோசை சுட்டேன்.

அதற்குமேல் தங்கையைக் காக்க வைக்க முடியாது என்று அத்தை சொல்லிவிட்டாள். விதிக்குப் பயந்து மாப்பிள்ளை வீட்டாரைப் பங்குனியில் வரச் சொன்னார்கள். அருவிப் பாறை காய்ந்து கிடந்தது. வந்தார்கள், மோர் குடித்தார்கள், தகைந்துவிட்டது. விதிக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எனக்குப் பங்குனியிலும் யாரும் வரவில்லை. வயது முப்பதைத் தாண்டியிருந்தது, தங்கை முந்திக்கொண்ட வீடு என்ற பேச்சு வேறு. நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். அத்தை காலமானாள். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம்.

பார்க்கிறவர்களிடம் எல்லாம் அப்பா ஒன்று சொல்வார். "மூத்தவ எனக்காகக் கல்யாணமே வேண்டாம்னுட்டா." முதன்முதலில் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு புரிந்ததாக நினைத்தேன். மகளை யாருக்கும் பிடிக்கவில்லை என்று எந்த அப்பாதான் வெளியே சொல்வார்? என் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்காக அவர்மேல் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பாசம் வைத்தேன்.

வகுப்பில் இந்தக் கதையை வருஷா வருஷம் சிரிப்புக்காகச் சொல்வது உண்டு. தெரிந்த ஒரு குடும்பம் என்று ஆரம்பிப்பேன், யார் குடும்பம் என்று எல்லாருக்கும் தெரியும். போன ஆனியிலும் அப்படித்தான். கரும்பலகையில் கட்டம் கட்டமாகப் போட்டேன். வேன் வந்தது, கேசரி, பெண் பார்த்தது, அருவி, ஊர் திரும்பியது, போன் வரவில்லை. "சீசன் என்கிற வார்த்தை எதையாவது விளக்குதா? சீசன் போனை எடுத்துக் கீழே வைக்குமா? இதில ஏதோ ஒரு கட்டத்துக்குள்ள ஏதோ ஒண்ணு வேலை செஞ்சிருக்கணும். எல்லாத் தடவையும் இருந்த உறுப்பு எது?" என்று கேட்டேன். வழக்கமாக யாராவது கேசரி என்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் பலகையைத் துடைத்துவிடுவேன்.

அன்று ராயகிரியிலிருந்து வரும் ஒரு பெண், தாவரவியலில் ஆராய்ச்சி செய்பவள், சந்தேகம் கேட்கிற குரலில்தான் கேட்டாள். "மேடம், அருவியில ஆம்பளைங்க பக்கம் கூடப் போனது யாரு?"

"பொண்ணோட அப்பா."

"முடிவு சொல்லுறது ஆம்பளைங்கதான மேடம்? அப்ப அந்தக் கட்டத்தை இன்னும் கொஞ்சம் பிரிக்கலாம்லா?"

அவள் எதையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. பாடத்தை நன்றாகப் படித்திருந்தாள், அவ்வளவுதான். நான் அருவி என்ற கட்டத்தின் நடுவே ஒரு கோடு போட்டேன். ஒரு பாதியில் பெண்கள் என்று எழுதினேன். அடுத்த பாதியில் எழுதக் கை வரவில்லை. மீதியை நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தென்காசி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தேன். நான் வேண்டாம் என்று தள்ளத் தள்ள, ஒவ்வொன்றாக வந்து தானே பொருந்தியது. மூன்று தடவை அப்பா ஆண்களோடு தனியாக இருந்தார், மூன்று தடவையும் போன் வரவில்லை. வெள்ளம் வந்த அன்று ஆண்கள் பக்கம் என்று ஒன்று இல்லை, எல்லாரும் ஒரே வேனில் இருந்தோம். அன்றைக்குத்தான் சம்மதம் கிடைத்தது. பிறகு அப்பா பெண்கள் யாரும் இல்லாமல் விருதுநகர் பக்கம் போனார். சம்மதம் போய்விட்டது. விதி முழித்த இடத்தில் இது முழிக்கவே இல்லை. தங்கையின் வரன் பங்குனியில் வந்து தகைந்தது சீசன் விதிக்கும் பொருந்தும், இதற்கும் பொருந்தும், அதனால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் இப்படி நடந்திருக்கலாம் என்பது இப்படித்தான் நடந்தது என்று ஆகிவிடாது. இதையும் வகுப்பில் நானேதான் சொல்கிறேன். வழியில் பாவூர்சத்திரத்தில் காய்கறி மூட்டையோடு ஏறிய ஒரு அண்ணாச்சி, "என்னம்மா, உடம்புக்கு முடியலியா?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

வீட்டில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, அருவியில நல்லாத் தண்ணி விழுதாம். ஞாயித்துக்கெழம போவமா?" என்றார். சரி என்றேன்.

அப்பாவுக்கு இப்போது கால் தள்ளாடுகிறது. ஆண்கள் பக்கம் வரைக்கும் நான் கையைப் பிடித்துக் கூட்டிப் போவேன், அங்கே டியூட்டியில் இருக்கும் யாராவது பிடித்து உள்ளே விடுவார்கள். அந்த ஞாயிறு கூட்டம் நெரிந்தது. கொஞ்சம் குறையட்டும் என்று கடைகளுக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தோம். சாரல் முகத்தில் அடித்தது. அவர் தோளில் துண்டைச் சரியாகப் போட்டுவிட்டுக் கேட்டேன்.

"அப்பா, என்னையப் பாக்க வந்தவியகிட்ட அருவியில என்ன சொன்னிய?"

யாரைப் பற்றிக் கேட்கிறாய் என்று அவர் கேட்பார் என நினைத்தேன். கேட்கட்டும், திட்டட்டும், உளறாதே என்று சொல்லட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அவர் அருவியைப் பார்த்தபடியே சொன்னார்.

"பொய் ஒண்ணும் சொல்லல. அவளுக்கு இஷ்டமில்ல, தாயில்லாத வீட்டுக்காக நிக்கிற பிள்ள, நாங்க சொன்னா மறுக்க மாட்டா, மனசுக்குள்ளயே அழுவான்னேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். முப்பது வருஷம் போலீஸில் இருந்தவர், எந்த ஆளிடம் எந்த வார்த்தை எடுபடும் என்று தெரிந்தவர். பெண் கறுப்பு, பெண்ணுக்கு நோய் என்று எதையாவது சொல்லியிருந்தால்கூட எவனாவது ஒருத்தன் பரவாயில்லை என்றிருப்பான். இஷ்டமில்லாத பெண் என்று கேட்டால் ஒழுக்கமான மனுஷன்தான் ஒதுங்குவான். நல்லவர்களாகப் பார்த்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"எனக்கு இஷ்டமில்லன்னு யாருப்பா சொன்னா?"

"இஷ்டம்னு நீ சொல்லலியே."

"என்னையக் கேட்டியளா?"

"மொதத் தடவ உனக்காகத்தான் சொன்னேன். நீ மேல படிக்கணும்னு ஆசப்பட்ட. அந்த வீட்டுல விட மாட்டானுவன்னு தெரிஞ்சது. அப்புறம் உங்கம்மை இல்லாத வீடு, நீயும் போயிட்டா எப்படின்னு இருந்துச்சு. பொறவு, யாரு வந்தாலும் வாயில அதுதான் வந்துச்சு" என்றார்.

"அந்த வாத்தியார்கிட்டயும் அதேதானா?"

"அவன்கிட்டயும்தான், தனியா வச்சு." துண்டின் நுனியை விரலில் சுற்றினார். "அவன் மட்டும் சட்டுனு விடல. அவங்ககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணிக்கிடுதேன், போன்ல பேசலாமான்னு கேட்டான். நான்தான் வேண்டாம்னேன். கேட்டா அழுவா, அவளைச் சங்கடப்படுத்தாதீகன்னு சொல்லிட்டேன்."

அவர் கேட்டிருக்கிறார். ஓர் உறுப்பை எடுத்துவிட்டுப் பார்க்கத் தெரிந்த அந்த மனுஷர் சரியான இடத்தில் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார், அது என் வீட்டு வாசலுக்கு வரும் முன்பே அப்பா அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததும், நான் எழுந்து போய்த் தோசை சுட்டதும் ஞாபகம் வந்தது. பல்லைப் பார்த்தேனே, நடையைப் பார்த்தேனே, அந்த வருஷங்களில் எல்லாம் இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து விடுட்டி, விடுட்டி என்று தேற்றிக்கொண்டிருந்தார். ஏமாற்றினார் என்பதைவிட அந்தத் தேற்றலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போது பெஞ்சின் மறு ஓரத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெளியூர்க்காரர், ஈர வேட்டி, தோளில் குழந்தையின் சட்டை. அப்பாவிடம் கூட்டத்தைப் பற்றி ஏதோ பேசினார். பேச்சுவாக்கில் என்னைக் காட்டி, "மகளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"மூத்தவ" என்றார் அப்பா. "எனக்காகக் கல்யாணமே வேண்டாம்னுட்டா."

இவ்வளவு பேசி முடித்த பிறகும், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, அதே வார்த்தை, அதே பெருமை. வேண்டுமென்றே சொல்லவில்லை. யாராவது கேட்டால் அது தானாக வெளியே வந்துவிடுகிறது.

"இல்ல அண்ணாச்சி" என்றேன் அந்த வெளியூர்க்காரரிடம். "எனக்கு இஷ்டம் இருந்துச்சு. ஒருத்தரை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. என்னைய யாரும் கேக்கல."

அவர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "தண்ணி நல்லா விழுது, போய்க் குளிங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தேடுகிற மாதிரி எழுந்து போய்விட்டார். அப்பா எழுந்திருக்கக் கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவரே எழுந்தார், அவரே மெதுவாக ஆண்கள் பக்கம் நடந்து போனார்.

எனக்கு இஷ்டம் இருந்தது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டவர் யார், எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.